பழுதாகாத பதினொரு லிஃப்டுகள்

மே 23, திங்கள்

போஸ், அதாவது எங்கள் முதலாளி, எங்கள் நால்வரையும் அழைத்துக் கூட்டம் வைத்தார். ககனம் லிஃப்ட் சேர்விஸின் அலுவலகம் வெள்ளவத்தையில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கிறது. கூட்டம் மின்வெட்டு நேரத்தில். லிஃப்ட் நிறுவனத்தின் முழுத் தொழில்நுட்பப் பிரிவும் படியால் ஏறிப் போனோம். இது பகிடி என்று மற்ற யாருக்கும் படவில்லை. எனக்குப் பட்டது, மூச்சு வாங்கியதால் சிரிக்க முடியவில்லை.

போஸ் யோகேந்திரன் முதலில் நாட்டைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். டொலர் இல்லை, வெளியிலிருந்து உதிரிப்பாகம் வராது, புதுக் கட்டட வேலைகள் எல்லாம் நின்றுவிட்டன. எங்களுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. தெரியாதது இருபத்தொராவது நிமிடத்தில் வந்தது. நான்கு பேரில் மூன்று பேரைத்தான் வைத்திருக்க முடியும். ஜூன் முடிய ஒருவர் போக வேண்டும்.

“ஆரெண்டு நான் கையால காட்ட மாட்டன். எனக்கு பிளட் பிறசர்” என்றார்.

பத்மசீலன் அண்ணை தேத்தண்ணீர்க் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்மா கிடைக்காதபடியால் அடி நன்றாகத் தெரியும். சமிந்த கைபேசியைப் பார்த்தான். ரிஸ்வான் மார்ச்சில்தான் சேர்ந்தவர், எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

நான்தான் சொன்னேன். “புள்ளி போடுவம் சேர். ஆர் எவ்வளவு வேலை செய்யிறார் எண்டு கணக்கில வரும். ஒருதரும் ஒருதரோட கோவிக்கத் தேவையில்லை.”

போஸின் முகத்தில் இரத்தம் திரும்பியது. “நீர் செய்து தாரும் தம்பி. உமக்குத்தானே எக்செல் தெரியும்.”

மே 25, புதன்

ஷீட் முடிந்தது. எளிமையானது. பழுது என்று ஒரு கட்டடத்திலிருந்து தொலைபேசிக் கோல் வந்து, அதற்குப் போனால் ஐந்து புள்ளி. ஒரு மணித்தியாலத்துக்குள் சரி செய்தால் மேலும் இரண்டு. ஜனவரி முதல் ஜூன் முடிய உள்ள பதிவேட்டிலிருந்து எண்ணுவது. உணர்ச்சிக்கு இடமில்லை.

பத்மசீலன் அண்ணையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயது. மின்சாரம் போய் ஆட்கள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்க முதல் வெளியே நிலத்தில் குந்தியிருந்து உள்ளே இருப்பவர்களுடன் கதைப்பார். எந்த ஊர், பிள்ளைகள் எங்கே, வெளிநாடோ என்றெல்லாம். திறந்து விட்ட பிறகும் அவர்களுடைய வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருவார். இது தொழில்நுட்பம் அல்ல.

மே 26, வியாழன்

பேக்கரியில் பாண் விலை ஏறிவிட்டது. பாணின் நிறை இறங்கிவிட்டது. இந்த நாட்டில் ஒழுங்காக ஏறி இறங்குவது இது ஒன்றுதான்.

மே 30, திங்கள்

ஷீட்டைச் சுவரில் ஒட்டினேன். பிறகு யாரும் புலம்பக் கூடாது என்பதற்காக, இந்த முறைக்கு உடன்படுகிறேன் என்று கீழே எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றேன். ரிஸ்வான் இரண்டு தரம் வாசித்தார். அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் என்ற அர்த்தத்தில்.

“மார்ச்சிலயிருந்து வந்த எனக்கு ஜனவரிக் கணக்கு எங்கிருந்து வரும் தம்பி?”

“முறை எல்லாருக்கும் ஒண்டுதான் நானா. ஆளுக்கொரு முறை வைச்சா அது முறையில்லை.”

அவர் என்னை ஒருகணம் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். மூன்று பிள்ளைகள் என்று கேள்வி. ஆனால் பிள்ளைக்குப் புள்ளி என்று ஒரு நிரல் போட முடியாது.

பத்மசீலன் அண்ணை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். கண்ணாடி உடைந்துவிட்டதாம், புதுக் கண்ணாடி இப்போது எடுக்க முடியாதாம். வைத்துவிட்டு என்னிடம், “தம்பி, உன்ர லிஃப்டுகளுக்கு ஆர் உன்னைக் கூப்பிடுறது?” என்றார்.

எனக்குச் சனத்துடன் பழகத் தெரியாது என்று குத்துகிறார். கூப்பிட்டுத் தேத்தண்ணீர் தர எனக்கு ஆள் தேவையில்லை. என் பொறுப்பில் உள்ள பதினொரு கட்டடங்களிலும் மாதம் தவறாமல் கதவுத் தொடுப்பு, பிரேக், கயிறு, எண்ணெய் எல்லாம் பார்த்து எழுதியிருக்கிறேன். கல்லூரியில் படித்தது அதற்குத்தான்.

ஜூன் 9, வியாழன்

சாம்பவி கைபேசியில் பேசினாள். ஆவணியில் எங்களுக்குக் கலியாணம். கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தைத்து வரும் உடுப்பில் பிழை பார்ப்பது அவளுடைய வேலை. அதனால் என்னிடமும் பார்க்கிறாள்.

“அப்பா திருப்பியும் கேட்டவர். வேலை நிரந்தரமோ எண்டு. கொழும்பில கட்டட வேலையெல்லாம் நிண்டுபோச்சு எண்டு பேப்பரில பாத்தவராம்.”

“கட்டடம் நிண்டாலும் லிஃப்ட் ஓடத்தானே வேணும். ஆளைக் குறைக்கிறதுக்கு ஷீட் போட்டதே நான்தான் எண்டு சொல்லும்.”

“உங்களுக்கு எத்தினை புள்ளி?”

“இன்னும் போடேல்லை.”

“ஏனப்பா?”

“எனக்குப் போட என்ன இருக்கு?”

“அதைத்தான் நானும் கேக்கிறன்” என்றாள். அவளுக்கு எதையும் கேள்வியாகவே கதைக்கும் பழக்கம். கலியாணத்துக்குப் பிறகு சொல்ல வேண்டும்.

ஜூன் 14, செவ்வாய்

காஸ் இல்லை. வீட்டுக்கார அன்ரி மேல்மாடியில் விறகில் சமைக்கிறா. என் அறைக்குள் புகை. யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுப் புகை.

ஜூன் 20, திங்கள்

இன்றுவரை உள்ள பதிவேட்டை ஏற்றினேன்.

பத்மசீலன்: 61 கோல்.
சமிந்த: 44.
ரிஸ்வான்: 6.
நான்: 4.

சூத்திரத்தில் பிழை என்று நினைத்து மூன்று தரம் பார்த்தேன். பிழை இல்லை. சூத்திரம் மிகச் சரியாக வேலை செய்கிறது. நான்கு கோலையும் நான் மணித்தியாலத்துக்குள் முடித்திருக்கிறேன், 28 புள்ளி. ரிஸ்வான் ஆறில் ஒன்றை மட்டும் நேரத்துக்கு முடித்திருக்கிறார், 32.

பத்மசீலன் அண்ணையின் கட்டடங்களில் கிழமைக்கு இரண்டு லிஃப்ட் விழுந்து படுக்கிறது. அவர் போய் எழுப்புகிறார். ஒவ்வொரு எழுப்பலுக்கும் ஐந்து புள்ளி. என்னுடைய பதினொன்றும் விழுவதில்லை. விழாத லிஃப்டிலிருந்து யார் எனக்குக் கோல் எடுப்பது?

இதைத்தான் அவர் அன்று கேட்டார். ஒளித்துக் கேட்கவில்லை, நேராகவே கேட்டார்.

ஜூன் 21, செவ்வாய்

போஸிடம் போனேன். ஷீட்டைத் திருத்த வேண்டும், பழுதாகாமல் வைத்திருப்பதற்கும் புள்ளி போட வேண்டும் என்றேன்.

“பழுதாகாததை எப்பிடித் தம்பி எண்ணுறது?”

“மாதம் மாதம் சேர்விஸ் றிப்போட் எழுதித் தந்திருக்கிறன் சேர். ஒவ்வொண்டிலயும் குறை எதுவுமில்லை எண்டு போட்டிருக்கு.”

“அதைத்தானே சொல்லுறன். குறையில்லாத இடத்துக்கு ஆளுக்கென்ன தேவை எண்டு நாளைக்கு ஒருதர் என்னைக் கேட்டால்?” சுவரைக் காட்டினார். “எல்லாரும் சைன் வைச்சிட்டினம். நீர்தானே வைக்கச் சொன்னனீர். நல்ல சிஸ்டம் தம்பி. இப்ப எனக்கு பிறசர் குறைஞ்சிருக்கு.”

ஒரு கோல் வந்தால் போதும். நேரத்துக்கு முடித்தால் ஏழு புள்ளி, மொத்தம் 35. ரிஸ்வான் 32. ஒன்பது நாள் இருக்கிறது. ஆறு மாதத்தில் நான்கு என்றால் ஒன்பது நாளில் 0.2 கோல். வெறும் சராசரியைச் சொல்கிறேன்.

ஜூன் 27, திங்கள்

0.

பெற்றோலும் இல்லை. மோட்டார்சைக்கிளை அன்ரியின் வாசலில் போர்த்து மூடிவிட்டேன். போஸ் தகவல் அனுப்பியிருக்கிறார்: இனி எந்தக் கட்டடத்திலிருந்து கோல் வந்தாலும், யாருடைய கட்டடம் என்று பாராமல் அருகில் இருப்பவர் போக வேண்டும். சரியான முடிவு. நானாக இருந்தாலும் இதையே செய்திருப்பேன். வாசித்துவிட்டு அவசரத்தில் அடுத்த தகவலுக்குப் போய்விட்டேன்.

ஜூன் 28, செவ்வாய்

காலையில் தெஹிவளைப் பக்கம் நீலவேணி கோர்ட் வரை நடந்தேன். ஐந்து கிலோமீற்றர். உடற்பயிற்சி. என் பொறுப்பில் உள்ள கட்டடம், ஏழு மாடி. வந்ததற்கு மூன்றாம் மாடிக் கதவின் தொடுப்பையும் பார்த்துக்கொண்டேன். பார்ப்பதற்குத் திருகாணியைத் தளர்த்தத்தான் வேண்டும்.

பொது அறிவுக்காக எழுதுகிறேன்: கதவு மூடிவிட்டது என்ற செய்தி அந்தத் தொடுப்பு வழியாகப் போகாவிட்டால் லிஃப்ட் அசையாது. அவ்வளவுதான். யாருக்கும் ஆபத்தில்லை. படியால் போகலாம். படி எல்லோருக்கும் இருக்கிறது.

அங்கேயே நின்றால் யாரும் ஏதும் நினைக்கலாம் என்று அறைக்கு நடந்து வந்தேன். மொத்தம் பத்து கிலோமீற்றர். கைபேசியில் சார்ஜ் 100.

ஜூன் 29, புதன்

நேற்றுப் பின்னேரமே நீலவேணி கோர்ட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கோல் போயிருக்கிறது. அலுவலகம் பத்மசீலன் அண்ணையை அனுப்பியிருக்கிறது. அவர் அங்கிருந்து இரண்டு சந்தி தள்ளி இருக்கிறார். சைக்கிளும் வைத்திருக்கிறார். அருகில் இருப்பவர்.

இன்று காலை அவரே கைபேசியில் எடுத்தார்.

“தம்பி, உன்ர நீலவேணிக்கு நேற்றுப் போனனான். மூண்டாம் மாடிக் கதவுத் திருகாணி கழண்டு கிடந்தது.”

நான் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“மூண்டு வரியத்தில அந்த லிஃப்ட் பழுதெண்டு நிண்டதே இதுதான் முதல்தரம் எண்டு காவலாளி சொல்லுறான். ஆச்சரியப்பட்டான். நான் புத்தகத்தில அதிர்வால தளர்ந்தது எண்டு எழுதிப்போட்டன். சரிதானே?”

“சரி அண்ணை.”

“ஆறாம் மாடியில ஒரு ஐயா. நாலு நாள் லைன்ல நிண்டு காஸ் சிலிண்டர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வந்து பாத்தா லிஃப்ட் இல்லை. மனுசன் சிலிண்டருக்கு மேலயே இருந்திட்டார். நானும் அவரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போனம். இண்டைக்கு எனக்கு முதுகு எழும்பேல்லை.” பிறகு சொன்னார்: “உன்ர லிஃப்ட் எண்டபடியா நல்லா இறுக்கி விட்டிருக்கிறன். இனிக் கழலாது.”

அந்த ஏழு புள்ளியும் அவருக்குப் போனது. சிலிண்டர் தூக்கியதற்கு ஷீட்டில் ஒன்றும் இல்லை.

ஜூலை 1, வெள்ளி

கடிதம் தந்தார்கள். கடைத்தெருவில் கடதாசி இல்லாதபடியால் அலுவலகத்தில் பழைய தாள்களின் மறுபக்கத்தில்தான் அச்சடிக்கிறார்கள். முன்பக்கத்தில், வருந்துகிறோம், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். திருப்பினால் என்னுடைய கையெழுத்து. பெப்ரவரி மாத சேர்விஸ் றிப்போட், ஏழாவது கட்டடம். “குறை எதுவும் இல்லை.”

போஸ் கை குலுக்கினார். “உம்மட சிஸ்டத்தால ஒரு சண்டை சச்சரவு இல்லை, பாத்தீரோ?”

ரிஸ்வான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் என்றால் சொல்லியிருப்பேன்.

ஜூலை 4, திங்கள்

பதினொரு கட்டடங்களையும் பத்மசீலன் அண்ணையிடம் கையளிக்க வேண்டும். எஞ்சிய சம்பளம் அதற்குப் பிறகுதானாம். இரண்டு பேரும் நடந்தோம். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், கழுத்தில் என்னுடைய சாவிக்கொத்து.

நீலவேணி கோர்ட் வாசலில் ஒரு அம்மா அவரைக் கண்டு சிரித்தா. மூன்று வருடமாக மாதம் ஒருதரம் நான் போகும் கட்டடம்.

“வாங்கோ வாங்கோ. அண்டைக்கு நீங்கள் இல்லாட்டி என்ர மனுசன் செத்திருப்பார். இது ஆர், புதுசா வேலை பழக வந்த பெடியனோ?”

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேலே ஒருவன் இருந்தான் என்று எப்படி விளங்கப்படுத்துவது?

மேலே இயந்திர அறையில் எண்ணெய் எப்போது போடுவது, எந்தக் கயிற்றைக் கவனிக்க வேண்டும், எது அடுத்த வருடம் மாற்ற வேண்டியது எல்லாம் சொன்னேன். கண்ணாடி இல்லாதபடியால் அவர் எழுதவில்லை. தலையாட்டிக் கேட்டார்.

“இதெல்லாம் நீ ஒவ்வொரு மாதமும் செய்தனியோ?”

“ஓம்.”

“ஒருதரும் பாக்காமல்?”

“ஓம் அண்ணை.”

“விசரன்ரா நீ” என்றார். பைத்தியக்காரன் என்று கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

ஜூலை 7, வியாழன்

சாம்பவி எடுத்தாள். வேலை எப்படி என்று கேட்டாள். அமைதியாகப் போகிறது என்றேன். பொய் இல்லை.

ஜூலை 12, செவ்வாய்

அமைதியாகப் போகிறது.

ஜூலை 14, வியாழன்

ஜெனரேட்டர் திருத்தும் இடமொன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நடந்து போனேன். எனக்கு முன்னால் முப்பது பேர். நான்கு பேர் பொறியியலாளர்கள். ஒருவர் விமானப் பழுது பார்த்தவராம். டீசல் இல்லாததால் ஜெனரேட்டர்களே ஓடவில்லை, ஓடாத சாமான் பழுதாகாது, ஆகவே ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டோம் என்று உள்ளிருந்து வந்து சொன்னார்கள். இந்தத் தர்க்கம் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

ஜூலை 20, புதன்

சாம்பவியிடம் சொல்லிவிட்டேன். கலியாண அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரையும் போட வேண்டும் என்று அவளுடைய அப்பா கேட்டிருக்கிறார். அதற்கு மேல் தள்ள முடியவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். நிறுத்திவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

“நீங்களே ஷீட் போட்டு, நீங்களே எல்லாரிட்டையும் சைன் வாங்கி, நீங்களே வெளிய வந்தனீங்களோ?”

“சூத்திரம் சரிதான். எண்ணினதுதான் பிழை.”

“அப்பாக்கு இதையே சொல்லுவமோ?” சிரிப்பு நின்றுவிட்டது. “அவர் பேசாமல் இருக்கிறதே எனக்கொரு சம்பளம் வருகுது எண்டபடியால்தான். ஒராளின்ர உழைப்பாவது இருந்தால் ஆவணியில செய்யலாம். அதுவும் இல்லையெண்டால் தள்ளிப்போடச் சொல்லுவார். தள்ளிப்போட்டால் பேந்து நடக்காது. எனக்கு அவரைத் தெரியும்.”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவளுடைய தொழிற்சாலையிலும் ஓடர் குறைந்துவிட்டது. பிழை பார்க்கும் எட்டுப் பேரில் ஒருவரை நிறுத்தப் போகிறார்கள். யாரை என்று ஒரு முறை வைத்துப் பட்டியல் தரும்படி மேலாளர் அவளிடமே கேட்டிருக்கிறார்.

“உங்கட ஷீட்டை எனக்கு அனுப்புங்கோ.”

“அந்தப் பிழையானதை அனுப்ப மாட்டன். திருத்தி அனுப்புறன்” என்றேன்.

ஜூலை 22, வெள்ளி

இரண்டு நாள் இருந்து திருத்தினேன். மூன்று கிழமைக்குப் பிறகு இன்றுதான் பசித்தது. இப்போது பிடித்த பிழைக்குப் புள்ளி இல்லை. ஒருவருடைய பொறுப்பில் உள்ள தையல் லைனில் பிழை வராத ஒவ்வொரு நாளுக்கும் புள்ளி. வந்தால் கழிவு. இதை மே மாதம் போட்டிருந்தால் நான் முதலாவது. பத்மசீலன் அண்ணை மைனஸில் இருந்திருப்பார். ஒரு கணம் அவருடைய முதுகு நினைவு வந்தது. ஆனால் சரி சரிதான்.

சாம்பவிக்கு அனுப்பினேன். தலைப்பை நீல நிறத்தில் போட்டேன்.

ஜூலை 24, ஞாயிறு

காலையில் சாம்பவி எடுத்தாள்.

“எல்லாற்ற கணக்கையும் போட்டுப் பாத்தனான். உங்கட புது ஷீட்டில வதனிக்கு முதலிடம்.”

“ஆர் வதனி?”

“அஞ்சாம் லைன். அவள் ஒரு நாளைக்கு ரெண்டு பிழை கூடப் பிடிக்க மாட்டாள். வேலை தொடங்க முதல் மெசின் மெசினாப் போய் ஊசியைப் பாப்பாள், நூலைப் பாப்பாள், தைக்கிற பெட்டையளோட கதைப்பாள். பேந்து அவளின்ர மேசைக்குப் பிழையே வராது. சும்மா இருக்கிற மாதிரித்தான் தெரியும். மனேச்சருக்கு அவளின்ர பேரே தெரியாது.”

“நல்ல ஆள்.”

“ஓம். நல்ல ஆள்தான். கடைசி ஆரெண்டு கேளுங்கோவன்.”

நான் கேட்கவில்லை.

“என்ர லைன்ல ஒரு நாளைக்கு எழுவது, எம்பது உடுப்புக் கழிவு. ஒண்டு விடாமல் எல்லாத்தையும் நான் பிடிக்கிறன். மற்ற ஏழு பேரும் என்னைவிட மேல. சரியான முறைப்படி வீட்டை போக வேண்டியது நான்தான்.”

“அப்ப...”

“அப்ப என்ன? பழைய ஷீட்டை அனுப்புங்கோ.”

“சாம்பவி, அது பிழை. அதில வதனிதான்...”

“தெரியும்.”

“உமக்குத் தெரிஞ்சுகொண்டே?”

“உங்களுக்குத் தெரியாமல் செய்தியள். எனக்குத் தெரிஞ்சு செய்ய வேண்டியிருக்கு. நாளைக்குக் காலமை குடுக்க வேணுமப்பா. உங்களுக்குக் கலியாணம் வேணுமோ, சூத்திரம் வேணுமோ?”

வைத்துவிட்டாள். அவள் கேள்வியாகத்தான் கதைப்பாள் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் வரை ஒன்றும் செய்யவில்லை. பிறகு பழைய ஷீட்டைத் திறந்தேன். லிஃப்ட் என்று இருந்த இடங்களில் லைன் என்று மாற்றினேன். கோல் என்ற இடத்தில் பிடித்த பிழை. நான்கு நிமிட வேலை.

வதனியை நான் கண்டதில்லை. வேலை தொடங்க முன் ஒவ்வொரு ஊசியாகப் பார்த்துக்கொண்டு போகும்போது என்ன நினைப்பார் என்று மட்டும் தெரியும்.

அனுப்பினேன்.